கறிச்சோற்றுப் பாதை

நல்ல கறிக்கடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் சுவரொட்டி கிடைக்காது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் சுவரொட்டி. மூளை ஒன்று, ஈரல் ஒன்று, கால் நான்கு. பத்து ஆடு போடுகிற கடையில் பதினோராவது ஆள் மூளை கேட்டால் "தீந்துபோச்சுண்ணே" என்றுதான் பதில் வர வேண்டும். அப்படிச் சொல்கிற கடையை நம்பி இலை முன் உட்காரலாம். எந்த நேரத்தில் போனாலும் எல்லாமே இருக்கிறது என்று சொல்லும் கடையில் நான் உட்காருவதில்லை. அன்று அறுத்த ஆட்டுக்குக் காலை, மதியம், இரவு என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் சமைக்கிற கைதான் எனக்கு வேண்டும்.

திண்டுக்கல்லில் தொடங்கி, மதுரை, விருதுநகர் வழியாகச் செங்கோட்டை வரை தை மாதத்தில் நான் போனது கறி தின்பதற்காக மட்டுமே. மெஸ், பிரியாணிக் கடை, புரோட்டாக் கடை, இந்த மூன்றைத் தவிர வேறு எங்கும் ஏறவில்லை. தென்மாவட்டங்களில் கறியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்த மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திண்டுக்கல்லுக்குத் தெற்கே பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. நஞ்சை குறைவு; கரிசலும் செம்மண்ணும் முள்ளுக்காடும் அதிகம். வெள்ளாட்டுக்கு இது சொர்க்கம். செம்மறி குனிந்து புல் மேயும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கிக் கிளையில் வைத்துத் தழை கடிக்கும். கருவேலங்காயைப் பொறுக்கித் தின்னும். தூத்துக்குடி, விருதுநகர், நெல்லைப் பக்கத்துக் கன்னி ஆடும், ராமநாதபுரம், எட்டயபுரம் பக்கத்துக் கொடி ஆடும் இந்த வறண்ட காட்டுக்கே பழகிய இனங்கள். நாளெல்லாம் நடந்து மேய்வதால் கறியில் கொழுப்பு குறைவு, வாசம் அதிகம். "வெள்ளாட்டுக்கறிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே ஆட்கள் கிலோ சொல்கிறார்கள். வடமாவட்டங்களில் இந்தக் கேள்வியை நான் இவ்வளவு அழுத்தமாகக் கேட்டதில்லை.

திண்டுக்கல்லில் இறங்கியபோது சாலை முழுக்கப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். நத்தம் பக்கமிருந்து பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக வந்துகொண்டே இருந்தார்கள். தைப்பூசம் நெருங்க நெருங்க, ஊரில் பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள். கறிக்கடைக்காரருக்குப் புரட்டாசிக்கு அடுத்தபடியாக மந்தமான காலம் இது. பேகம்பூர் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த பிரியாணிக் கடையில், அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் சொன்னார்: "பூசம் முடியிற வரைக்கும் ரெண்டு ஆடு கம்மியாத்தான்ணே போடுறோம். மாலையக் கழட்டுன மறுநாள் வந்து பாருங்க, நிக்க எடம் இருக்காது." விரதக்காரர்கள் கடை வாசலைக் கடக்கும்போது அவர் அண்டாவின் மூடியைத் திறக்காமல் காத்திருந்ததையும் பார்த்தேன். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

திண்டுக்கல் பிரியாணிக்கு ஊரைத் தாண்டிப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நாகசாமி நாயுடு. 1957-இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் கடை போட்டார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பிற்பாடு கடையின் பெயரானது. இன்று தலப்பாக்கட்டிக்குக் கடல் தாண்டியும் கிளைகள் இருக்கின்றன. ஆனால் ஊருக்குள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கடை வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி வாதம் செய்ய ஆரம்பித்தால் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.

இந்தப் பிரியாணியின் மையம் சீரகச் சம்பா. கறியை மசாலாவோடு வேகவிட்டு, அந்தச் சாற்றிலேயே அளவாகத் தண்ணீர் சேர்த்து அரிசியைப் போடுகிறார்கள். நீர் சுண்டும் பதத்தில் மூடி போட்டு, அதன் மேல் தணலை அள்ளி வைத்துத் தம் கட்டுகிறார்கள். அரிசியைத் தனியே அரைவேக்காடாக வடித்துச் சேர்க்கிற ஆம்பூர் முறையில் மணி தனித்தனியாக நிற்கும், நிறமும் சிவப்பாக இருக்கும். திண்டுக்கல்லில் கறிச்சாறு முழுவதும் அரிசிக்குள் போய்விடுகிறது. நிறம் மங்கலான பழுப்பு. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, புதினா, தயிர், எலுமிச்சை. தக்காளி பெயரளவுக்குத்தான். கறித்துண்டு சிறியது, எலும்போடு சேர்ந்தது. வெறும் சோற்றை அள்ளி வாயில் போட்டாலே கறி தின்ற நிறைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சந்துக் கடையில் வந்தது. தயிர் வெங்காயத்தையும் தால்சாவையும் தொடாமலே முதல் பிளேட்டை முடித்தேன்.

வடக்கே திருச்சி சாலையில் இருக்கும் அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடும். விடியலுக்கு முன்பே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. கிடாயின் முதுகுத்தண்டை விரலால் அழுத்திப் பார்த்துக் கறி எத்தனை கிலோ நிற்கும் என்று சொல்கிறார்கள், தராசு கிடையாது. பிரியாணிக்கு வாங்குபவர்கள் பெரிய கிடாயைத் தேடுவதில்லை. பத்துக் கிலோவுக்குள் கறி நிற்கும் இளங்கிடாய்தான் அவர்களுக்கு வேண்டும். "முத்துன கிடா கொழம்புக்குத்தான் ஆகும், தம்முல வேகாது" என்றார் ஒரு பெரியவர். அரிசிக்குக் கொடுக்கிற நேரத்துக்குள் கறியும் வெந்தாக வேண்டும். அதனால் பிரியாணியின் ருசியில் பாதி சந்தையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

மதுரையில் இரவில் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் சாப்பிட்டு நடந்து, மதியம் மறுபடி சாப்பிட்டேன். ஆட்டின் ஒரு நாள் கணக்கை முழுதாகப் பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. காலையில் இட்லிக்குக் குடல் குழம்போ ஆட்டுக்கால் பாயாவோ ஊற்றுகிறார்கள். காலையும் தலையையும் தீயில் வாட்டி, ரோமம் பொசுங்கச் சுரண்டி, இரவெல்லாம் அடுப்பில் கொதிக்கவிட்டிருப்பார்கள். விரல்கள் ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் பிசுபிசுப்பான சாறு. அதில் இட்லி ஊறினால் அப்புறம் சட்னி எதற்கு? குடலைச் சுத்தம் செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, திருப்பிப் போட்டு மறுபடி அலசி, வாடை போகும்வரை விடாத கை வேண்டும். பெரும்பாலும் இதைச் செய்வது கடையின் பின்கட்டில் இருக்கும் பெண்கள்தான். நல்ல குடல் குழம்பு தின்னும்போது நான் மனதுக்குள் நன்றி சொல்வது அவர்களுக்கு.

மதியம் மெஸ். மதுரை மெஸ்களில் மெனு அட்டையைவிட முக்கியமானது அந்தத் தட்டு. பெரிய தாம்பாளத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக அன்றைக்கு இருக்கிற எல்லாவற்றையும் அடுக்கி, தோளில் ஏந்திக்கொண்டு இலைக்கு இலை வந்து காட்டுவார்கள்: சுக்கா, ஈரல், சுவரொட்டி, மூளை, ரத்தப் பொரியல், தலைக்கறி, நெஞ்செலும்பு, கோலா உருண்டை, காடை, நாட்டுக்கோழி. கண்ணால் பார்த்து விரலால் காட்டினால் போதும். எனக்குப் பரிமாறியவர் வயதானவர். நான் சுக்காவைக் காட்டியதும், "அது சாயங்காலமும் கிடைக்கும். இதச் சாப்பிடுங்க தம்பி" என்று சுவரொட்டியை எடுத்து வைத்தார்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். இரும்புச்சத்து மிகுந்தது, ரத்தசோகை உள்ளவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வீட்டில் தேடி வாங்கிக் கொடுப்பார்கள். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து இரண்டு புரட்டு புரட்டி எடுத்திருந்தார்கள். ஒரு நிமிடம் கூடினாலும் ரப்பராகிவிடும். வெளியே மிளகின் காரம், உள்ளே ஈரலைவிட மென்மையான, லேசான இனிப்பு. ரத்தப் பொரியலும் அப்படித்தான். உறைந்த ரத்தத்தை உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல் போட்டு வதக்கினால் முட்டைப் பொரிமாஸ் பதத்தில் வரும். நேற்றைய ரத்தத்தில் இதைச் செய்யவே முடியாது.

என் கட்சி இதுதான். ஒரு கறிக்கடையை அதன் சுக்காவை வைத்து எடைபோடக் கூடாது. தொடைக்கறியை யாரும் ருசியாகச் செய்துவிடலாம், மசாலா கைகொடுக்கும். குடலும் ரத்தமும் மூளையும் சுவரொட்டியும் ஏமாற்றுக்கு இடம் தராதவை. இவற்றை வாங்க வேண்டுமானால் முழு ஆட்டையும் அன்றே வாங்க வேண்டும். இப்போது பெரிய சாலைகளில் முளைக்கிற குளிரூட்டிய ஓட்டல்களில் இவை ஒவ்வொன்றாக மறைகின்றன. அங்கே எலும்பில்லாத கறிக்குத்தான் மரியாதை. கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிற கறியில் சின்ன மெஸ்காரர் கட்டுப்படியாகிற விலைக்குச் சோறு போடுகிறார் என்றால், ஆட்டின் எந்தப் பாகத்தையும் அவர் வீணாக்காததே காரணம். கூலி வேலைக்குப் போகிறவர் சுக்கா வாங்க முடியாத நாளில் குடல் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவதும் இந்தக் கணக்கால்தான். அந்தப் பாகங்கள் போனால் அந்த மனிதரும் கடையிலிருந்து போய்விடுவார். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரவு சிம்மக்கல்லில் கோனார் கடைக் கறிதோசை. கல்லில் தடித்த மாவு ஊற்றி, அதன் மேல் முட்டை, அதன் மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறி. திருப்பிப் போட்டு அழுத்தினால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒன்று தின்றால் இரவுச் சாப்பாடு முடிந்தது. தோசை ஊற எலும்புக் குழம்பை மேலே ஊற்றுகிறார்கள். மதுரைக்காரர்கள் இதற்குப் பிறகும் ஜிகர்தண்டா குடிக்க நடக்கிறார்கள். நானும் நடந்தேன்.

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் இருக்கிறது வடக்கம்பட்டி. இந்தப் பயணத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொண்டதே இந்த ஊருக்காகத்தான். தமிழ்நாட்டுச் சாலைகளில் பயணம் செய்த எவரும் 'மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்' என்ற பலகையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அந்த முனியாண்டி இந்த ஊர்ச் சாமி. 1930களில் வடக்கம்பட்டிக்காரரான சுப்பா நாயுடு காரைக்குடியில் சாமி பெயரில் ஒரு கறிச்சோற்றுக் கடை போட்டார். அது ஓடியது. அவரைப் பார்த்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள், ஊரின் ரெட்டியார்கள் கிளம்பினார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள். மழை பொய்த்த நிலத்தை விட்டுப் போன பிள்ளைகள் போன ஊரிலெல்லாம் ஒரு முனியாண்டி விலாஸ் எழுந்தது. இது ஒரே முதலாளியின் கிளை நிறுவனம் கிடையாது. பெயரும் சாமியும் பொது, கடை அவரவருடையது. பல கடைகளில் தினமும் முதல் வியாபாரத்துப் பணத்தைச் சாமிக்கென்று எடுத்து வைப்பார்கள்.

தை மாதத் திருவிழாவுக்கு இந்த ஓட்டல்காரர்கள் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள். வெள்ளிக்கிழமை பகலில் பால்குடம். மாலையில் பூத்தட்டும் பழத்தட்டும் ஏந்திய பெண்கள் நீண்ட வரிசையாகக் கோயிலுக்குப் போகிறார்கள். தெருவில் நிற்கிற கார்களில் ஆந்திர எண், கர்நாடக எண். இரவில் நேர்ந்துவிட்ட கிடாய்களும் சேவல்களும் வெட்டப்படுகின்றன. அதன் பிறகு ஊர் தூங்குவதில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் விறகடுப்புகள் வரிசையாக எரிய, ஆளுயரத் துடுப்புகளைப் பிடித்துக்கொண்டு சமையல்காரர்கள் அண்டாக்களைச் சுற்றி நிற்கிறார்கள். ஊரூராகக் கடை நடத்துகிறவர்கள் ஒரே இரவில், ஒரே இடத்தில், ஒரு பைசா வாங்காமல் சமைக்கிறார்கள். ஒருவர் உப்பு பார்க்கிறார், இன்னொருவர் "போதும் மாமா, தணல இழுங்க" என்கிறார். சென்னையில் கல்லாவில் உட்காருகிறவர் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

விடிவதற்கு முன்பே சாமிக்குப் படைத்துவிட்டுப் பிரியாணியை வழங்கத் தொடங்கினார்கள். அதுதான் பிரசாதம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் தூக்குவாளி, குண்டான், பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்கள். என்ன சாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. பாத்திரத்தை நீட்டினால் விழுகிறது. எனக்கு இலையில் போட்டார்கள். மார்கழிப் பனி இன்னும் விலகாத அந்த விடிகாலைக் குளிரில், சூடான கறிச்சோற்றை மண்ணில் உட்கார்ந்து தின்றேன். கடைப் பிரியாணியின் நுணுக்கம் அதில் இல்லை. புகை வாசமும் நெருப்பின் முரட்டுத்தனமும் இருந்தது. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது மெஸ் தாம்பாளத்தின் பூர்வீகம் எனக்குப் புரிந்தது. கிடாவெட்டில் எதுவும் வீணாவதில்லை. பல ஊர்களில் தலை பூசாரிக்குப் போகும். ரத்தமும் குடலும் ஈரலும் முதலில் வெந்து, வேலை செய்கிறவர்களின் பசியாற்றும். கறி பந்திக்கு. எலும்பு மறுநாள் குழம்புக்கு. சாமிக்கு வெட்டிய உயிரில் ஒரு துண்டைக்கூட எறியக்கூடாது என்ற மரியாதையைத்தான் இந்த ஊர்க்காரர்கள் கடைக்குக் கொண்டுபோனார்கள். கறி தின்கிறவன் என்ற முறையில் எனக்கும் அந்தக் கடன் உண்டு என்று நினைக்கிறேன். ஒரு உயிரைத் தின்பதென்றால் முழுதாகத் தின்ன வேண்டும்.

விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டிகளையும் எண்ணெய்க் கடைகளையும் தாண்டி நடந்தால் மாலையானதும் புரோட்டாக் கல்லின் சத்தம் கேட்கும். இங்கே எண்ணெய்ப் புரோட்டா. குழிவான பெரிய கல்லில் எண்ணெய் நிற்க, புரோட்டாக்கள் அதில் பாதி மூழ்கிக் கிடந்து பொரிகின்றன. எடுத்து எண்ணெயை வடித்து, கையால் தட்டி நொறுக்கி இலையில் போட்டதும் சால்னா ஊற்றுகிறார்கள். உடனே தின்ன வேண்டும். ஊறிய பாதி மெத்தென்றும் ஊறாத பாதி மொறுமொறுவென்றும் வாயில் ஒரே நேரத்தில் சேருகிற அந்த இரண்டு நிமிடம்தான் எண்ணெய்ப் புரோட்டா. இதற்குப் பேர்போனது பர்மா கடை. பர்மாவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய குடும்பங்கள் தென்மாவட்டங்களில் ஏராளம். விருதுநகரில் அந்த நினைவு ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயராக நிற்கிறது. கூட ஒரு காடை வறுவலும் சுக்காவும் வாங்கிக்கொண்டேன். சுக்காவை நொறுக்கிய புரோட்டாவோடு கலந்து தின்னச் சொன்னவர் பக்கத்து இலைக்காரர், பருப்பு மண்டியில் கணக்கெழுதுகிறவர். அவர் சொன்னபடியே செய்தேன், சரியாகத்தான் சொன்னார்.

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று ரயில் போகிறது. வலப்பக்கம் மேற்கு மலை கூடவே வருகிறது. முள்ளுக்காடு மெல்லத் தேய்ந்து, தென்காசிக்கு வந்ததும் வயலும் தென்னையுமாகிவிடும். ஆடு குறைந்து கோழி முன்னுக்கு வருவது இங்கேதான்.

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர். இரண்டு புறமும் மர அறுவை மில்கள். காற்றிலேயே தேக்கின் வாசம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அதனால் இந்த இடத்துக்கு பார்டர் என்று பெயர். எல்லை மலைக்கு மேலே நகர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. 'பார்டர் புரோட்டா' நகரவில்லை. குற்றாலச் சீசனில் ரஹ்மத் கடை முன்னால் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். தையில் அருவிகளில் கூட்டமில்லை, அதனால் காத்திருக்காமல் இடம் கிடைத்தது. வாழையிலையில் உள்ளங்கையளவுப் புரோட்டாக்களை அடுக்கினார்கள். தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழி மிளகு வறுவல். தேங்காயும் மிளகும் மலைப்பக்கத்துக் கைப்பக்குவத்தைச் சொல்கின்றன. மதுரைச் சால்னாவின் மிளகாய்க் காரம் நாக்கின் நுனியில் எரியும். இது தொண்டையில் இறங்கிச் சூடாக்குகிறது. நாட்டுக்கோழியின் கெட்டிக்கறியை எலும்போடு கடித்து இழுக்க வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் மெத்தென்ற சின்னப் புரோட்டா.

எதிர் மேசையில் புனலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஆரியங்காவு தாண்டி இதற்காகவே வருவார்களாம். அவர்கள் ஊரில் பொறோட்டாவும் மாட்டுக்கறி வறுவலும் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டேன். தகப்பனாரும் மகனும் இரண்டு வெவ்வேறு கடைகளைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் மதுரைக்குத் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, கொல்லம் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன்.